அடிஷாம்: நோர்வூட்டில் தொழில் பழகிய துரையின் வீடு

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பங்களாக்களுக்குக் குறைவில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் சில இன்று சொகுசு விடுதிகள். வாடகை நம் கைக்கு எட்டாது. சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு துரையின் வீட்டையும் பூந்தோட்டத்தையும் ஆற அமரப் பார்க்க அப்புத்தளை அடிஷாமுக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து பதுளை ரயில். நானுஓயா, பட்டிப்பொல தாண்டி அப்புத்தளையில் இறங்கினால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடை.

அந்த வீட்டுக்கும் எங்கள் பக்கத்துக்கும் தொடர்புண்டு. அதைக் கட்டிய சர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ், 1887இல் இலங்கைக்கு வந்து தொழில் பழகியது நோர்வூட் எல்பட தோட்டத்தில். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள்வழிப் பேரன் அவர். பின்னாளில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார். 1931இல் கட்டி முடித்த இந்த மாளிகைக்கு, கென்ட்டில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார்.

கருங்கல் சுவர், உயர்ந்த புகைபோக்கிகள், சுற்றிலும் ரோஜாப் பாத்திகள். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பெயர்த்துவந்து பனிமூட்டத்தில் வைத்தது போலிருக்கிறது. உள்ளே வரவேற்பறையும் நூலகமும் மட்டுமே பார்வைக்கு. அந்தக்காலத் தளபாடங்களும் அலுமாரி நிறையப் புத்தகங்களும் இருந்தபடியே இருக்கின்றன. ஒருபுறம் தங்கமலைக் காடு. மறுபுறம் மலை சரிந்து தெற்குச் சமவெளி விரிகிறது.

1960களின் தொடக்கத்திலிருந்து இது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஸ்ட்ரோபெரி ஜாமும் கொய்யா ஜெலியும் வாசலருகே விற்பனைக்கு உண்டு. வாங்காமல் திரும்புபவர் குறைவு.

கட்டியவர், வாங்கியவர் பெயரெல்லாம் வரலாற்றில் இருக்கின்றன. கல் சுமந்தவர்களும் பாத்தி வெட்டியவர்களும் பெயரில்லாமலே போனார்கள். மலையகத்தின் எந்தப் பங்களாவுக்கும் இதே கணக்குத்தான். ஆனாலும், பங்களாப் படியேற அஞ்சிய தாத்தாமாரின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வரவேற்பறையில் நின்று பார்க்கிறார்கள். லயத்துப் பிள்ளைகளை ஒருமுறையாவது இங்கே கூட்டி வாருங்கள். வில்லியர்ஸ் கதையோடு அந்தத் தாத்தாமாரின் கதையையும் சொல்லுங்கள். சனி, ஞாயிறு, போயா தினங்கள், பாடசாலை விடுமுறைக் காலம் பார்த்துக் கிளம்புங்கள். மற்ற நாளில் போனால் கேற்றோடு திரும்ப வேண்டியதுதான்.