ஆவடியில ஒட்டின ஒரு 'இக்'

பையன் ப்ளஸ் டூ, இங்கிலீஷ் மீடியம். ஹிஸ்டரி டெஸ்ட் பேப்பரைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். 1955 ஆவடி காங்கிரஸ் மாநாட்டுத் தீர்மானம் என்னன்னு கேள்வி. 'சோஷலிஸ்ட்'னு எழுதியிருக்கான். 'சோஷலிஸ்டிக்'னு எழுதணுமாம், அரை மார்க் காலி. "நம்ம ஊரு கேள்வியிலயே போச்சேப்பா"ன்னு புலம்பல் வேற. ஒரு 'இக்'குக்கு அரை மார்க்கான்னு நானும் முதல்ல குதிச்சேன்.

அப்புறம் உக்காந்து நோண்டினா, மிஸ் பக்கம்தான் நியாயம் (பையன்கிட்ட சொல்லிடாதீங்க).

சோஷலிஸ்ட்னா அதுவேதான். சோஷலிஸ்டிக்னா அந்தச் சாயல்ல ஏதோ ஒண்ணு. நம்ம ஏரியாக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேணாம். 'ஆவடியில் மனை'ன்னா ஆவடி. 'ஆவடிக்கு மிக அருகில்'னா திருநின்றவூரைத் தாண்டி எங்க வேணா இருக்கும்!

1955 ஜனவரி மாநாட்டுக்கு யு.என். தேபர் தலைவர். காமராஜர் அப்ப முதல்வர். 'சோஷலிஸ்டிக் பாணி சமுதாயம்'தான் குறிக்கோள்னு தீர்மானம் போட்டாங்க. கட்சியில மில் முதலாளியும் இருந்தார், மிராசுதாரரும் இருந்தார். பட்டுன்னு 'சோஷலிஸ்ட்'னா பாதிப் பேர் முகம் சுருங்கியிருக்கும். 'இக்'கும் 'பாணி'யும் சேர்ந்து எல்லாரையும் உக்கார வச்சிருச்சுன்னு என் ஊகம்.

வேடிக்கை என்னன்னா, 1956 தொழிற்கொள்கையிலயே 'இக்' காணாமப் போச்சு, 'சோஷலிஸ்ட் பாணி' ஆயிடுச்சு. 1976-ல 42-வது திருத்தத்துல 'பாணி'யும் போய், அரசியலமைப்போட முகப்புரையில வெறும் 'சோஷலிஸ்ட்'. அந்த வார்த்தையை எடுக்கணும்னு போன வழக்கை 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணிச்சு. ஆனா அதுக்குச் சொன்ன அர்த்தம்? மக்கள் நல அரசு. தனியார் தொழிலுக்குத் தடையில்லை. எழுத்துல போன 'இக்', அர்த்தத்துல திரும்பி வந்து உக்காந்துக்கிச்சு. ஆவடி ஆளுங்க லேசுப்பட்டவங்க இல்ல.

இதையெல்லாம் தம்பிகிட்ட அளந்துக்கிட்டிருந்தேன். அவன் டாங்க் ஃபேக்டரியில இருக்கான். 1965-ல முதல் விஜயந்தா டாங்க் வெளிய வந்ததே, அதே இடம். எங்கப்பா ரிட்டயர் ஆனதும் அங்கதான். 2021 அக்டோபர்ல அது அரசுக் கம்பெனியா மாறிடுச்சு, பழைய ஆளுங்க டெபுடேஷன்ல. பங்கு மொத்தமும் கவர்மெண்டோடதுதானேடா, என்ன மாறிடுச்சுன்னு கேட்டேன்.

"அத விடுண்ணே. நான் கவர்மெண்ட் ஆளா, கவர்மெண்ட்டுக்கு மிக அருகில் ஆளா? அதச் சொல்லு முதல்ல"ன்னான்.