இரண்டு பேனா

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பையைத் தட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகி ஆறு வருஷமாகிறது. சாவியும் போனும் அப்புறம்தான், முதலில் பேனா. பேனா என்றால் எபிபென், அட்ரினலின் ஊசி. மகனுக்கு முந்திரி ஆகாது. லண்டனில் அவன் எங்கே போனாலும் இரண்டு பேனா கூடவே போகும். முதல் ஊசிக்கு ஐந்து நிமிஷத்தில் தேறாவிட்டால் அடுத்ததைப் போட வேண்டும் என்பதால் இரண்டு.

ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை வைத்து நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். நீல மூடியைப் பிடுங்கு; ஆரஞ்சு முனையை வெளித்தொடையில் ஓங்கி அழுத்து; மூன்று எண்ணு. கால்சட்டையைக்கூடக் கழற்ற வேண்டாம். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

ஒருநாள் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். முந்திரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நான்தான் ஊட்டினேன். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, பிறகு இருமல். கையில் பேனாவை வைத்துக்கொண்டே அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ‘ஊசி எதற்கு, அடங்கிவிடும்’ என்று ஒரு மனசு. சிரப் அரிப்பை அடக்கும். அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்குகிற ரத்த அழுத்தத்தை ஏற்றாது. அதற்கு அட்ரினலின்தான் வேண்டும். மனைவி என் கையிலிருந்து பிடுங்கிக் குத்தினாள். ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்தோம். எழுந்து உட்காரப் பார்த்தவனைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தோம். மூச்சு சீரான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அடங்கியது மறுபடி கிளம்பலாமாம்.

கோடை விடுமுறையில் மதுரைக்குப் போனபோது டாக்டர் கடிதத்தோடு பேனாக்களைக் கைப்பையிலேயே கொண்டுபோனோம். அங்கே மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கிற பொருளில்லை அது; ஆஸ்பத்திரிகளில் 1 மில்லிகிராம் ஆம்பூலை உடைத்துச் சிரிஞ்சில் ஏற்றித்தான் போடுகிறார்கள். மறுநாள் காலை பேனாக்களைக் காணவில்லை. பதறித் தேடினால் ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில். “மருந்துன்னா குளிர்ச்சியிலதானடா வைக்கணும்?” என்றாள் மகனின் அப்பத்தா. குளிரும் ஆகாது, வெக்கையும் ஆகாது என்று விளக்கி, உள்ளறை அலமாரிக்கு மாற்றினோம்.

அன்று சாயங்காலம் பேரன் பாடம் நடத்தினான். அப்பத்தா பயிற்சிப் பேனாவை வாங்கித் தலையணையில் சதக்கென்று இறக்கி, சத்தமாக “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை.