மீசை இருக்கட்டுமா?

எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்து. வேப்பமரம், மதில் சுவர், சுவரில் அடித்த ஆணியில் ரசம் போன கண்ணாடி, கீழே ஒரு மடக்கு நாற்காலி. சலூன் அவ்வளவுதான். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கடை முழுக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காத்திருந்த இருவரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். காரணம், நாற்காலியில் இருந்தவர். அறுபது வயது இருக்கலாம். நடைபாதை வயதைக் கூட்டிக் காட்டும், ஐம்பதாகவும் இருக்கலாம். சடை பிடித்த தலை. இந்த வெயிலிலும் கழற்றாத ஸ்வெட்டர். மடியில் ஒரு சாக்கு மூட்டை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி.

கடைக்காரர் மூட்டையைத் தொடவில்லை. கீழே வை என்றும் சொல்லவில்லை. மூட்டையோடு சேர்த்தே துணியைப் போர்த்திப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டார். பெரியவர் நிறைமாதக் கர்ப்பிணி போல உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் பீய்ச்சியும் சீப்பு இறங்கவில்லை. சடையைக் கத்தரியால் கொத்துக் கொத்தாக வெட்டிப் போட்டார், அப்புறம்தான் மிஷின். காதோரம் ஆறாத ஒரு புண். அங்கே மிஷினை நிறுத்திவிட்டு, கத்தரி நுனியால் ஒவ்வொரு முடியாக எடுத்தார்.

"இன்னாண்ணே, இன்னிக்குள்ள ஆவுமா?" என்றார் காத்திருந்த ஆட்டோக்காரர்.

"அவசரம்னா வேற கடைக்குப் போப்பா."

அவர் போகவில்லை.

புது பிளேடை உறையோடு பாதியாக ஒடித்துக் கத்தியில் மாட்டினார். கன்னம் முடிந்தது, தாடை முடிந்தது. மேலுதடு வந்ததும் கை நின்றது. சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பெரியவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நைனா, மீசை இருக்கட்டுமா? எடுத்துடவா?"

பதில் இல்லை. திரும்பக் கேட்டார். அப்போதும் இல்லை. பாஷை தெரியாதோ என்னவோ என்று, தன் மீசையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். துணிக்கடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. மீசையின் ஒரு முனையைத் தடவி, மேல்நோக்கி முறுக்கிவிட்டது.

"அப்டிப் போடு!" என்றார் ஆட்டோக்காரர்.

எழும்பூரில் சோற்றுப் பொட்டலத்துக்குப் பஞ்சமில்லை. குழந்தைக்குப் பிறந்தநாள், அப்பாவுக்குத் திதி, தலைவருக்கு விழா என்று கார் வந்து நிற்கும். தூங்குகிறவர் தலைமாட்டில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார்கள். வயிறு நிறைகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் சாம்பார் சாதமா தயிர் சாதமா என்று கேட்டுக் கொடுப்பவர் அபூர்வம். தெருவில் கிடப்பவருக்கும் பிடித்தது, பிடிக்காதது உண்டு என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தப் பெரியவருக்கு மனநோயா, வெறும் வறுமையா, சொல்லத் தெரியவில்லை. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். எதற்காக அழைத்துப் போகிறோம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும், அவருக்குப் புரியாது என்று தோன்றினால் அவருடைய பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மருத்துவச் சோதனைக்கு 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோகவும் வேண்டும்.

படிகாரம் தடவி, துண்டால் துடைத்து, துணியை உதறியதும் பெரியவர் ஸ்வெட்டர் பையைத் துழாவி ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். கடைக்காரர் வேண்டாம் என்று கையை மடக்கவில்லை. வாங்கி டப்பாவில் போட்டார். அதில் எனக்கு அவர்மேல் இன்னும் மரியாதை.

ஆதரவற்றோரை மீட்டுக் காப்பகத்தில் சேர்க்க, சென்னைக் காவல்துறையில் 2021 முதல் 'காவல் கரங்கள்' இயங்குகிறது. மாநகராட்சிக் காப்பகங்களும் இருக்கின்றன. தெருவில் யாரையாவது பார்த்தால் தகவல் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், "வர்றீங்களா?" என்று அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.