எங்க வீட்டுக் கட்டம்

லுங்கியைப் பத்தி ஒரு பதிவு போடுவேன்னு நானே நெனச்சதில்ல மக்களே. எல்லாம் ஒரு ஸ்காட்லாந்து கல்யாணத்தால வந்த வினை.

பொட்டி தட்டுற கம்பெனியில ஒரு வருஷம் எடின்பரோவுக்கு ஆணி புடுங்க அனுப்பியிருந்தாங்க. பக்கத்து சீட் நண்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கில்ட் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான். கிட்டத்தட்ட எட்டு கஜம் கம்பளித் துணி, பின்னாடி பூரா மடிப்பு. நம்மாளு ரெண்டு மீட்டர் லுங்கியில மொத்த வாழ்க்கையையும் ஓட்டிடுறான் :-)

அந்தக் கட்டத்துக்குப் பேரு டார்ட்டன். நண்பனோட குடும்பப் பேருக்குன்னு பரம்பரைக் கட்டம் எதுவும் கிடையாதாம். அதனால அவனே ஒண்ணு வரைஞ்சு, அங்க அரசாங்கம் 2009-ல தொடங்கின டார்ட்டன் பதிவேட்டுல பதிவும் பண்ணிட்டான். அதுல இருந்த அடர்சிவப்பு, அவங்கப்பா ஓட்டின பஸ்ஸோட கலராம். அப்புறம் சாதாரணமா கேட்டான், "உங்க குலத்துக்கு என்ன கலர்?"

எனக்குப் பதில் வரல. நம்மூர்லயும் குலத்துக்குக் கலர் இருக்கே! பள்ளிக்கூடப் பசங்க மணிக்கட்டுல கட்டிக்கிட்டு வர்ற கயிறு அதானே. 2023-ல நாங்குநேரியில ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கப்புறம் அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024-ல கொடுத்த அறிக்கையில கலர் கயிறு, மோதிரம், நெத்திக்குறி எல்லாத்தையும் பள்ளியில தடை பண்ணச் சொல்லியிருந்துச்சு. இதையெல்லாம் கல்யாணப் பந்தியில உக்காந்து எப்படிச் சொல்றது? "எங்கப்பா லுங்கி கட்டுவார், கட்டம் மாறிக்கிட்டே இருக்கும்"னு சொல்லிச் சமாளிச்சேன்.

ஆனா கேள்வி மட்டும் மண்டைக்குள்ளயே கிடந்தது. ராத்திரியெல்லாம் டார்ட்டன் பத்திப் படிச்சேன். 1746-ல பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு உடையையே சட்டம் போட்டுத் தடுத்திருக்கு, 1782-லதான் விலக்கியிருக்கு. 1822-ல ராஜா நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்தப்போ, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டுல ஊரே டார்ட்டன் போட்டு நின்னிருக்கு. 1842-ல ரெண்டு சகோதரர்கள், பழைய ஏட்டுல இருந்துச்சுன்னு சொல்லி, குலத்துக்கு ஒரு கட்டம்னு புத்தகமே போட்டுட்டாங்க. அந்த ஏடு போலின்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ஆக, ஆதிகாலத்துச் சமாச்சாரம்னு நாம நெனைக்கிற குலக் கட்டம் பெரும்பாலும் இருநூறு வருஷத்துக் கதை!

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. மெட்ராஸ் பக்கம் நெஞ்ச கட்டத்துணி கப்பலேறி நைஜீரியா போயிருக்கு. அங்க கலபாரி மக்கள் அதை இஞ்சிரின்னு சொல்றாங்க. பிறப்பு, சாவு ரெண்டு சடங்குக்கும் அது வேணும். சில நூலை மட்டும் வெட்டி உருவி எடுத்துப் புதுக் கோலமா மாத்திடுவாங்களாம். நெஞ்சது யாரோ, ஆனா துணி அவங்களோடது. அட, நாமளும் ஒண்ணு பண்ணலாமேன்னு அப்பதான் தோணுச்சு.

சந்தர்ப்பமும் வசமா மாட்டுச்சு. அப்பா பஸ் கண்டக்டர். ஆலங்காயத்துலேர்ந்து காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் போற மலை ரூட்லயே பாதி சர்வீஸ். 60 வயசாகி ரிட்டயர் ஆகப்போறார். வீட்டுக்கு வந்தா சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி லுங்கிக்கு மாறுற ஆளு. அவருக்கு எங்க வீட்டுக் கட்டம் போட்ட லுங்கி கொடுக்கணும்.

கட்டம் போடுறது ஒரு பொட்டி தட்டுறவனுக்கு அல்வா மாதிரி வேலை. எந்தக் கலர் எத்தனை இழைன்னு ஒரு வரிசை எழுதணும். கடைசிக்குப் போனதும் அதே வரிசையைத் திருப்பிப் போடணும். பாவுக்கும் ஊடைக்கும் அதே கணக்கு. சின்னதா ஒரு நிரல் எழுதினேன், நம்பரைக் கொடுத்தா திரையில துணி வந்துச்சு. ஜவ்வாது மலைக்குக் கரும்பச்சை, அப்பாவோட தோல் பைக்குப் பழுப்பு, காவலூர் வானாய்வகக் கூண்டுக்கு மெல்லிசா வெள்ளை. 1986-ல திறந்த, 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற கூண்டு அது. மலைக்கு விறகு பொறுக்கப் போறவனும் அதைப் பார்த்துத்தான் வழி சொல்லுவான்.

ஊருக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். சித்தப்பா பார்த்துட்டு, "நம்மாளுங்க கலரு ரெண்டு இருக்குதே, அதைக் காணோம்? குடும்பக் கட்டம்னா அதானடா மொதல்ல?"ன்னார். எந்த ரெண்டுன்னு இங்க சொல்லமாட்டேன். என் வயித்துல புளியக் கரைச்சுது. அப்பா சண்டை போடுற ஆளு இல்ல. தம்ளரைக் கீழ வச்சுட்டுச் சொன்னார், "முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தேன். யாரையும் எந்த ஆளுன்னு கேட்டுக் கொடுக்கல. இப்ப இடுப்புல எழுதிக்கினு திரியச் சொல்றியா?"

சித்தப்பா காபி குடிக்காமயே எழுந்து போய்ட்டார்.

அந்த அமைதியில அம்மா சமையல்கட்டுலேர்ந்து ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, "எல்லாம் சரி, நான் எங்கடா இருக்கேன்?"

பேய் முழி முழிச்சேன். மலை இருக்கு, பை இருக்கு, வானாய்வகம்கூட இருக்கு, அம்மா இல்ல! இருபது வருஷம் சோறு போட்டவங்க. அசடு வழிஞ்சுக்கிட்டே என்ன கலர் வேணும்னு கேட்டேன். "கனகாம்பரம்"னாங்க, யோசிக்கவே இல்ல.

இங்கதான் ஒரு கணக்கு. கட்டத்துணியில ரெண்டு கலர் குறுக்கே போற இடத்துல மூணாவதா ஒரு கலப்பு நிறம் தெரியும். மூணு கலர்னா, தனி நிறம் மூணு, கலப்பு மூணு, மொத்தம் ஆறு. நாலாவதா கனகாம்பரம் வந்ததும் மொத்தம் பத்து ஆயிடுச்சு. அம்மா ஒருத்தங்க உள்ள வந்ததுக்கு நாலு புது நிறம்! திரையில பார்த்தப்போ மொத்தத் துணியும் வேற மாதிரி ஆயிருந்துச்சு.

அடுத்து குடியாத்தம். லுங்கிக்குப் பேர் போன ஊர், எங்களுக்கு வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டிப் போகணும். தறிக்கார அண்ணன் ஒருத்தர் என் பேப்பரைப் பார்த்து, "இன்னா தம்பி இது, கணக்கு நோட்டா?"ன்னு சிரிச்சார். நான் போட்ட இழைக் கணக்கு தடி கம்பளிக்கு உள்ளது. பருத்தி நூல் மெல்லிசு, அப்படியே நெஞ்சா பொடிக்கட்டமாப் போயிடும்னார். பச்சை, பழுப்பு, கனகாம்பரம் மூணையும் மூணு மடங்காக்கச் சொன்னார். "வெள்ளை மட்டும் அப்பிடியே உடு, அது கோடாத்தான் இருக்கணும்." அவர் சொன்னதுதான் சரி. ஸ்காட்லாந்துத் துணியில நூல் ரெண்டு மேல ரெண்டு கீழன்னு போறதால கலக்குற இடத்துல சாய்கோடு தெரியும். லுங்கியில ஒண்ணு மேல ஒண்ணு கீழ, அதனால புள்ளி புள்ளியாத் தெரியும்னு தறியிலேயே காட்டினார்.

"சரிண்ணா, ஒரு லுங்கி எவ்ளோ?"ன்னேன்.

"ஒரு லுங்கியா? ஒரு லுங்கிக்கு எவன் பாவு போடுவான்? போட்டா ஒரு பாவு முழுக்க நெய்யணும்பா."

ஆப்பு! எங்க வீட்டுக்குன்னு மட்டும் ஒரு கட்டம் நெய்யவே முடியாதாம். என் பட்ஜெட்டுக்கு இருபது லுங்கி நான் எடுத்துக்கிறேன், மிச்சத்தை அவரே வித்துக்கட்டும்னு பேசி முடிச்சோம்.

ரிட்டயர் ஆன அன்னிக்கு அப்பா அதைக் கட்டிக்கிட்டுத் திண்ணையில உக்காந்தார். ஒண்ணும் சொல்லல. கனகாம்பரக் கோட்டை மட்டும் விரலால தடவிப் பார்த்தார். மிச்சத்தை அவரே கொடுத்து முடிச்சார். அவரோட ஓட்டின டிரைவருக்கு, டீக்கடை பாய்க்கு, மலையிலேர்ந்து சாமை கொண்டுவந்து கொடுக்குற பெரியவருக்கு, எதிர்வீட்டு மேஸ்திரிக்கு. சித்தப்பா வீட்டுக்கு ஒண்ணு கொடுத்தனுப்பினோம். திரும்பி வரல, கட்டியும் நான் பார்க்கல.

போன மாசம் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுல நானும் அப்பாவும் நின்னுக்கிட்டு இருந்தோம். எதிர்ல யாரோ ஒருத்தர், முன்ன பின்ன பார்த்ததே இல்ல, எங்க கட்டத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருந்தார். நான் அப்பா கையைச் சுரண்டினேன்.

அப்பா பார்த்துட்டு, "யாரோ நம்ம சொந்தக்காரர்டா"ன்னார்.

டிஸ்கி: கட்டத்தோட இழைக் கணக்கு வேணும்னா பின்னூட்டத்துல கேளுங்க மக்களே, தர்றேன். சொந்தம் கொஞ்சம் பெருகட்டும் :-)