மேலேர்ந்து கீழே ஒரு ஹாஃப் ஸ்வெட்டர்

மூணு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டாததுக்கு ஆபீஸ் ஆணி மட்டும் காரணமில்ல மக்களே. ஊசியும்தான். அதுவும் 4 மி.மீ. வட்ட ஊசி. ஆமாங்க, ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருந்தேன். சிரிச்சு முடிச்சவங்க அடுத்த பாராவுக்கு வாங்க :-)

எங்க ஊர் குன்னூர். டிசம்பர், ஜனவரியில சட்டைக்கு மேல கை இல்லாத ஹாஃப் ஸ்வெட்டர் போடாம அப்பா வாசல் தாண்ட மாட்டார். எல்லாம் அம்மா பின்னினது. போன வருஷம் அப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன். 72 கிலோ மனுஷன் 58 ஆயிட்டார். பழைய ஸ்வெட்டர் ஹேங்கர்ல மாட்டின மாதிரி தொங்குது. அம்மாவுக்கோ விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஊசி பிடிக்க முடியல. சரி, நாமளே பின்னுவோம்னு பெங்களூர்ல நூல் வாங்கிட்டேன்.

அம்மா கீழேர்ந்து மேல பின்னுவாங்க. முன்பக்கம், பின்பக்கம் தனித்தனி, கடைசியில சேர்த்துத் தைக்கணும். அதுல முதல் வரிசையிலயே மார்பளவு முடிவாயிடும். ரெக்வயர்மென்ட் மாறிக்கிட்டே இருக்கற ப்ராஜெக்ட்டுக்கு அது சரிப்படாதுன்னு நான் மேலேர்ந்து ஆரம்பிச்சேன். முதல்ல தோள்லேர்ந்து அக்குள் வரைக்கும் முதுகு. அப்புறம் அதே தோள் விளிம்புல லூப் எடுத்து ரெண்டு முன்பக்கம். கழுத்து 'வி' முடியற இடத்துல அந்த ரெண்டும் சேரும். அக்குள்ல எல்லாத்தையும் இணைச்சு, அங்கேர்ந்து வட்டமா இறங்க வேண்டியதுதான். நடுவுல எப்ப வேணும்னாலும் போட்டுப் பாக்கலாம்.

"தலைகீழா பின்றான் பாருங்க உங்க புள்ள"ன்னு அம்மா.

தீபாவளிக்குப் போனப்ப தோள் பகுதியை அப்பா மேல வெச்சுப் பார்த்தேன். தோள் சரி. மார்பு 90 செ.மீ.; முன்னாடி 100.

"100க்கே பின்னுடா. பொங்கலுக்குள்ள உடம்பு ஏறிடும்"னார் அப்பா.

அம்மா சமையலறைக்கு வந்ததும் மெதுவா சொன்னாங்க: "இப்ப இருக்கற அளவுக்கே பின்னு. குளிர் பொங்கல் வரைக்கும் காத்திருக்காது."

ரெண்டு பேரையும் காப்பாத்தினது ரிப். ரெண்டு நிட், ரெண்டு பர்ல். நிட் முன்னாடி வரும், பர்ல் உள்ள போகும். துணி விசிறி மாதிரி மடிஞ்சு நிக்கும். உடம்பு இளைச்சா ஒட்டிக்கும், ஏறினா விரியும். லேசா இழுத்து அளந்தா 10 செ.மீ.க்கு 22 லூப். 90 செ.மீ.க்கு 198. கணக்கு சரிதானேன்னு இணைச்சுட்டேன்.

அங்கதான் ஆப்பு. 198ஐ 4ஆல வகுத்தா மீதி 2! வட்டம் முடியற இடத்துல ரெண்டு நிட்டோட ரெண்டு நிட் சேர்ந்து நாலா ஓடுது. அக்குளுக்குக் கீழதானே, யார் பாக்கப் போறான்னு 'நோன் பக்' கணக்குல விட்டு, ஒரு சாண் இறங்கிட்டேன். டிசம்பர்ல ஊருக்குப் போனப்ப அம்மா அந்த மடங்காத விரலால தடவிட்டே வந்து, சரியா அங்க நிறுத்தினாங்க.

"இங்க நாலா ஓடுதே."

"அக்குளுக்குக் கீழதானேம்மா..."

"பிரி."

பிரிச்சேன். 200 லூப், மறுபடி முதல்லேர்ந்து. கீழ் விளிம்பை ரிப் போக்குலயே லூஸா முடிக்கணும், இல்லேன்னா அந்த இடம் மட்டும் விரியாதுன்னு பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க வாய், என் கை. ஏழு 50 கிராம் உருண்டையில அரை உருண்டை மிச்சம். அதை பிஸ்கட் டின்ல போட்டு வெச்சாச்சு. நீளம் பத்தலேன்னா விளிம்பை மட்டும் பிரிச்சு இன்னும் நாலு வரிசை இறக்கலாம்.

பொங்கலுக்கு அப்பா எடை 59. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம டீக்கடைக்குக் கிளம்பிட்டார். பின்னின ஸ்வெட்டர் சீக்கிரம் டைட்டாகணும்னு வேண்டிக்கிற ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

டிஸ்கி: சுத்தக் கம்பளியை வெந்நீர்ல போட்டுக் கசக்காதீங்க. சுருங்கிடும். எப்படித் தெரியும்னு கேக்கப்படாது.