கலப்படம்

ரங்கூனில், காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு மாடியில் எங்கள் தங்கை பரதநாட்டியம் பழகினாள். ஒருநாள் அடவுக்கு நடுவே பர்மிய ஆட்டத்தின் மணிக்கட்டு வளைவு தானாக வந்துவிட்டது. "கலப்படம்" என்றார் ஆசிரியை. அதன்பிறகு அவள் ஆடவில்லை. அண்ணன்மார் நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததோடு எங்கள் தொலைக்கல்விப் பட்டமும் பாதியில் நின்றது. இப்போது லண்டனில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறோம். அடுப்பணைந்த பிறகு கைத்தொலைபேசியில் எதையாவது பார்ப்போம். அப்படித்தான் ஷோபனா ஜெயசிங் கண்ணில் பட்டார்.

சென்னையில் 1957இல் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்து, இங்கிலாந்துக்கு வந்தவர். பரதம் கற்றவர். 1988இல் லண்டனில் சொந்தக் குழு தொடங்கினார்.

எங்களைப் பிடித்து நிறுத்தியது 2015இல் அவர் அமைத்த 'பயதேர்: ஒன்பதாம் வாழ்வு'. மூலமான 'லா பயதேர்' 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபா அமைத்த பாலே. அதில் இந்தியக் கோயில் நடனக்காரி கால்விரல் நுனியில் நின்று சுழல்வாள். எந்தக் கோயிலில் கண்டார்களோ! ஆனால் அதற்கு முன்னரே, 1838இல், கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து உண்மையான தேவதாசிகள் பாரிஸ் சென்று ஆடியிருக்கிறார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பார்த்து மயங்கி எழுதினார் கவிஞர் கோத்தியே. ஜெயசிங் அந்த எழுத்தையே மேடைக்குக் கொண்டுவந்து, வேடிக்கை பார்க்கப்படுகிறவரின் இடத்தில் ஓர் ஆணை நிறுத்தினார். அந்த இடத்தில் நின்றால் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "தம்பிமார், பர்மா எண்டால் நீங்கள் அசல் தமிழரோ?" என்று சாப்பிட வந்த ஐயா ஒருவர் கேட்டார். வெள்ளைக்காரரல்ல, நம்மவர்தான்.

அதே ஆண்டு அவர் அமைத்த இன்னொன்று 'மெட்டீரியல் மென்'. ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த இருவர் ஆடுகிறார்கள். ஒருவருக்குப் பரதம், மற்றவருக்கு ஹிப்-ஹாப். எங்கள் பூட்டனும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறியவர்தான். இரண்டாம் தடவை பார்த்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காட்சியைத் தங்கைக்கு அனுப்பினோம். அன்றைக்கு நாங்கள் பேசியிருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரியும் எழுதினோம். ரங்கூனில் இணையம் வரும், போகும். போய்ச் சேர்ந்த அடையாளம் இன்னும் விழவில்லை.