இந்த வருஷம் ரதி யாரு?

டொரொன்டோவில் வாழும் என் தங்கையின் மகன் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இரவொன்றில் தொலைபேசியில் அழைத்தான். வழமையான சுகவிசாரிப்பு முடிந்ததும் அவன் குரலில் ஓர் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

“மாமா, அடுத்தது டார்க் சன் தான் வரப்போவுது, பாருங்க.”

அவன் சொல்லும் விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர், போரிடுவர், சிலவேளை மாண்டும் போவர். அக்கதைகள் நிகழ்வதற்கென்று தனித்தனி உலகங்கள் நூல்களாக வருகின்றன. அடுத்து எந்த உலகம் வரும் என்று ஊகிப்பதே ரசிகர்களுக்குப் பாதி விளையாட்டு. அந்த ஆகஸ்டில் நிறுவனம் பரீட்சார்த்தமாக வெளியிட்ட சில விதிகளைப் பார்த்துவிட்டு, 1991இல் முதலில் வெளியான டார்க் சன் திரும்பி வரப்போகிறது என்று அவனும் நண்பர்களும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

“அது எப்படிப்பட்ட உலகம்டா?” என்றேன்.

“பாலைவனம் மாமா. மந்திரவாதிங்க செடிகொடியில இருக்கிற உயிர உறிஞ்சித்தான் மந்திரம் போடுவாங்க. அப்படியே உலகம் சாம்பலாப் போச்சு. மிச்சமிருக்கிற நகரங்கள மந்திரவாதி ராஜாக்கள் ஆளுவாங்க. சனமெல்லாம் அடிமை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. காடழித்துக் கோப்பி நட்டு, 1869இல் இலைநோய் கண்ட கோப்பி அழிய, அதே மண்ணில் தேயிலை நட்ட நாட்டில் பிறந்தவனிடம் அல்லவா அவன் இதைச் சொல்கிறான்! ஆனால் என் மனம் அப்போது வேறோர் ஊகத்தை நாடிச் சென்றுவிட்டது.

நோர்வூட்டுக்கு அருகில் நான் பிறந்த தோட்டத்தில் தைப்பொங்கல் கழிந்ததுமே ஒரு கேள்வி எழும். பெரட்டுக் களத்திலும் கொழுந்து மடுவத்திலும் பீலிக்கரையிலும் அதே பேச்சுத்தான். “இந்த வருஷம் ரதி யாரு?”

மலையகத்துக் காமன் கூத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த எம்மவர் தம்மோடு கொண்டுவந்த கூத்து இது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் காமன் கம்பம் ஊன்றப்படும். சிவனின் தவத்தைக் கலைக்கச் செல்லும் மன்மதனை ரதி தடுக்கிறாள். அவன் கேளாமல் சென்று நெற்றிக்கண்ணில் எரிகிறான். பௌர்ணமியை ஒட்டிய இரவில், தப்பு அதிர, விடியும்வரை ஆடப்படும். தூதன், எமன், வீரபத்திரன், குறவன் குறத்தி என்று தோட்டத்து மனிதர்களே வேடம் கட்டுவர். ரதியாகவும் ஆணே ஆடுவான். காப்புக் கட்டி விரதமிருக்கும் அவனைக் கூத்து முடியும்வரை பெரியவர்களும் மரியாதையாகவே நடத்துவர்.

1979ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. அடுத்த லயத்தில் இருந்த ஓர் அண்ணன்தான் மூன்று வருடங்களாக ரதி. அந்த வருடம் கேள்வி சற்று மாறியிருந்தது. “அவன் ஆடுவானா, போவானா?”

அவர்கள் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்திருந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்களில் எம்மைப் போன்றோர் ஒரு பக்கமும் அண்ணன் போன்றோர் மறுபக்கமும் விழுந்திருந்தோம்.

அவர் ஆடினார். பயண நாள் தகனத்துக்குப் பின்னரே அமைந்தது. மன்மதனை வழிமறித்து ரதி புலம்பிய வேளையில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அந்த அழுகை யாருக்கானது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. விடிந்ததும் வேடம் கலைத்து முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஓடிப்போய், “அண்ணே, அடுத்த வருஷமும் நீங்கதானே ரதி?” என்று கேட்டேன். ஈரக்கையால் என் தலையைத் தடவிவிட்டு, “இல்லாம? நீதான்டா தூதன்” என்றார்.

அடுத்த கிழமை அற்றன் ஸ்டேசனில் அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் நோக்கிப் போனது கோச்சி. அதற்கு ‘அழுகைக் கோச்சி’ என்று எம்மவர் பெயர் வைத்திருந்தார்கள்.

மறு வருடம் ஒரு பள்ளிக்கூடப் பையன் ரதியானான். நடுவில் அடி மறந்து நின்றுவிட்டான். சுற்றியிருந்த சனமே அந்த அடிகளை எடுத்துப் பாடிக் கூத்தை நகர்த்தியது. நான் தூதனாக ஆடவேயில்லை. படிக்கவென்று கொழும்புக்கு வந்துவிட்டேன்.

இவற்றையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவன், 2002இல் அந்த விளையாட்டு நிறுவனம் புதிய உலகமொன்றுக்காகப் போட்டி வைத்ததையும், ஏறத்தாழ 11,000 பேர் எழுதி அனுப்பியதையும், கீத் பேக்கர் என்பவரின் ‘எபரான்’ தெரிவாகி 2004இல் நூலாக வெளிவந்ததையும் சொன்னான். “நம்ம தோட்டத்தையும் ஒரு உலகமா எழுதலாம் மாமா. என் கூட்டாளிங்களோட ஆடிப் பாக்கிறேன்.” பிறகு கேட்டான்: “அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரு?”

என்னிடம் பதிலில்லை.

முப்பது வருடங்களாகப் பத்திரிகையில் இருக்கிறேன். காணாமற்போனோரைத் தேடும் தாய்மாரின் கதைகளை எழுதியிருக்கிறேன். தாயகம் திரும்பியோருக்கு வேலை வழங்கவென 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்று, கோத்தகிரியில் இரண்டு நாள் தங்கியுமிருக்கிறேன். எத்தனையோ பேரிடம் “இலங்கையில எந்தத் தோட்டம்?” என்று கேட்ட நான், அந்த ஒருவரைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. ஏன் என்று யோசிக்கையில் வெட்கமாக இருக்கிறது. அவர் என் ஒன்பது வயதின் ரதியாகவே இருக்கட்டும், கூன் விழுந்த கிழவராகக் காணவேண்டாம் என்று உள்ளூர நினைத்திருக்கிறேன் போலும்.

எரிந்த மன்மதன் மீண்டும் உயிர்பெற்றான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது கதை. எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டது என் சுயநலமே.

இவ்வருட மாசியில் ஊருக்குப் போனேன். அங்கு எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரிடம் அண்ணனின் தகப்பன் பெயரையும் லய இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டேன். கூடலூர்ப் பக்கம் குடியேறியதாக ஒரு கடிதம் வந்த ஞாபகம் அவருக்கு உண்டு. இந்த முறை கேட்டுக்கொண்டு போகவிருக்கிறேன்.

புறப்படுகையில் பீலிக்கரையில் இரண்டு சிறுமிகள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “இந்த வருஷம் ரதி யாரு?”

என்னையறியாமல் நின்றுவிட்டேன்.